தேரூர்க் குளக்கரையில் இருவகைப் பைனாகுலர்கள்: ஓர் ஒப்பாய்வு

நாஞ்சில் நாட்டில் ஒரு மனிதன் கையோடு எடுத்துத் திரியக்கூடிய மிக விலையுயர்ந்த பொருள் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. கல்யாண வீட்டு நகை என்பர் ஒரு சாரார். ஆடி மாதத்து நெய்மீன் என்பர் மறு சாரார். பறவை பார்க்கப் போகிறவர்களின் கழுத்தை இரு சாராரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

களம், சுசீந்திரம்–தேரூர் குளங்கள். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இவற்றின் பரப்பு 94.23 ஹெக்டேர். கவிமணி பிறந்த ஊர் என்ற பெருமையே தேரூருக்குப் போதும். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் மேல்வரும்படி. கன்னியாகுமரிக் கடற்கரையில் விற்கும் பிளாஸ்டிக் பைனாகுலர்கள் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டா. அவற்றில் வள்ளுவர் தெளிவாகத் தெரிகிறாரே என்பது பூர்வபட்சம். 133 அடி உயரத்தில் நிற்கிறவர் எதில் பார்த்தாலும் தெரிவார். எதுவும் இல்லாமல் பார்த்தாலும் தெரிவார் என்பது சித்தாந்தம்.

எடுத்துக்கொண்ட கருவிகள் இரண்டு. நடுத்தர வகைக்கு நிக்கான் மோனார்க் எம்7. உயர்தர வகைக்கு ஆஸ்திரியாவின் அப்சாம் என்ற ஊரிலிருந்து வரும் ஸ்வரோவ்ஸ்கி என்எல் ப்யூர். இரண்டும் 8×42 ரகம்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். முன்னது நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். பின்னது ஊர் வந்து சேரும்போது இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

இனி கணக்கு. ஆயிரம் மீட்டர் தூரத்தில் மோனார்க் காட்டும் அகலம் 145 மீட்டர்; என்எல் ப்யூர் காட்டுவது 159 மீட்டர். வித்தியாசம் 14 மீட்டர். விலை வித்தியாசத்தை இதனால் வகுத்தால் மீட்டருக்குப் பதினாலாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வருகிறது. நாகர்கோவிலில் மனை வாங்கி விற்றவர்கள் இந்த விலையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் அவர்கள் வாங்குவதற்குப் பட்டா உண்டு. இங்கே கிடைப்பது 14 மீட்டர் குளத்துத் தண்ணீரும், அதில் எப்போதாவது தலைகாட்டும் ஒரு முக்குளிப்பானும்.

வெளிச்சத்தில்தான் உயர்தரம் ஜெயிக்கும் என்பார்கள். 42ஐ எட்டால் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் தடிமன் இத்தனை மில்லிமீட்டர். இரண்டு கருவிக்கும் இதுவே. இளவயதில் இருட்டுக்கு ஏழு மில்லிமீட்டர் வரை விரியும் கண்மணி, வயது ஏற ஏற ஐந்துக்கும் கீழே நின்றுவிடும். இரண்டரை லட்சம் கையில் சேரும் வயதும் கண்மணி சுருங்கும் வயதும் ஒன்றாக இருப்பதை இயற்கையின் குறும்பு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் வித்தியாசம் இல்லாமல் இல்லை. காலை வெயிலுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கொக்கைப் பாருங்கள். நடுத்தரக் கருவியில், காட்சியின் ஓரத்துக்கு அது நகரும்போது இறக்கை விளிம்பில் மெல்லிய ஊதாக் கோடு ஒன்று ஓடும். உயர்தரத்தில் அது பெரும்பாலும் தென்படாது. ஓரத்து நாணலும் நடுவில் உள்ள நாணலைப்போலக் கூர்மையாகவே நிற்கும். உள்ளானுக்குப் புருவக்கோடு கண்ணோடு நின்றுவிடுகிறதா, கண்ணைத் தாண்டி ஓடுகிறதா என்று விடியற்கருக்கலில் தகராறு வந்தால் இது உதவும். ஆனால் பத்து மணிக்குமேல் குளத்தின்மீது கானல் எழும்பிவிட்டால், எந்தக் கண்ணாடிக்கும் உள்ளான் ஒரே மாதிரிதான் நெளியும். கானல் விலைப்பட்டியல் பார்ப்பதில்லை.

போதாக்குறைக்கு இடைவெளியே சுருங்கிவிட்டது. இவ்விரண்டும் சேர்ந்த கூரைப்பட்டக (கூரை வடிவப் பட்டகம் வைத்த) வகையில் ஒளியலைகள் ஒன்றோடொன்று இசகுபிசகாகிப் படம் மழுங்குவதைத் தடுக்கும் பூச்சை ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1988இல் கொண்டுவந்தது. அன்று அது பணக்காரப் பூச்சு. இன்று நடுத்தரக் கருவியிலும் அது இருக்கிறது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதும் இரண்டுக்கும் பொது. எடையில் மட்டும் உயர்தரம் 170 கிராம் கூடுதல். ஆகவே கழுத்துவலியிலும் அது ஒரு படி மேல்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒளியியல். இவ்வாய்வு புதிதாக முன்வைப்பது ‘கைமாற்றுக் கெழு’ என்னும் அளவை: ஒரு கருவி ஒரு காலைப்பொழுதில் எத்தனை பேர் கைக்குப் போகிறது? குளத்தைவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் மணக்குடிக் காயல் பாலத்தில் நடுத்தரக்காரர் நின்றால் டீ குடிக்க வந்தவர் கேட்பார்: “அண்ணாச்சி, அந்த வள்ளத்துல என்ன மீனு கெடக்குன்னு இதுல தெரியுமா?” “நீரே பாரும் வே” என்று பைனாகுலர் கைமாறிவிடும். அங்கிருந்து மீன்கூடைக்காரரிடம், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம். மீன் தெரியாவிட்டாலும் நாலு பேர் ஆலாவைப் பார்த்திருப்பார்கள்.

உயர்தரக்காரரும் கருமி அல்லர். கேட்டால் நீட்டுவார், ஆனால் வாரைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டார். கேட்டவர் குனிந்து இவர் நெஞ்சோடு ஒட்டி நின்று பார்க்க வேண்டும். இவர் வாங்கிய மூச்சை அவர் விடுவார். பறவை அந்தப் பக்கம் போனால் இருவரும் சேர்ந்தே திரும்ப வேண்டும். மழை வந்தால் தண்ணீர் புகாத கருவியை முதலில் பைக்குள் வைத்துவிட்டுத் தாம் நனைவார். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இதனால் இழக்கும் பார்வை நேரம் கொஞ்சமல்ல.

முடிபு: உள்ளான் வகையறாவை விடியலில் பிரித்தறிவதையே தொழிலாகக் கொண்டவர் உயர்தரம் வாங்கலாம், கடன் வாங்காமல். ஏனையோருக்கு நடுத்தர 8×42 போதும். பத்து மடங்கு வேண்டாம். கை நடுக்கத்தையும் அது பெரிதாக்கிக் காட்டும். மணக்குடி, புத்தளம் உப்பளப் பக்கம் போய்வந்தால் கண்ணாடியை உடனே துணியால் தேய்க்காதீர்கள். உப்புத்தூள் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு துடையுங்கள்.