பாவாடை கட்டியவர்கள் தைத்துக் கொடுத்த கால்சட்டை

நாவலூரில் காலை எட்டரை மணிக்கு ஒரு டீக்கடை வாசலில் நின்றால் ஆண் குலம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பது தெரியும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஜீன்ஸ், சிறுசேரி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். இது ஒரு கட்சி. கைலியை டப்பாக்கட்டு கட்டிக்கொண்டு, ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்று சொல்லிவிட்டு எங்கேயும் ஓடாமல் நிற்பது இன்னொரு கட்சி. வெயில் ஏற ஏற இரண்டாவது கட்சிதான் புத்திசாலி என்று தொடைக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்குள் முதல் கட்சிக்குத்தான் அனுமதி. இந்த அநியாயம் எங்கே ஆரம்பித்தது என்று தோண்டிக்கொண்டே போனால், வேடிக்கையைப் பாருங்கள், குற்றவாளி ஸ்காட்லாந்தில் அகப்படுகிறார். ஆண்பிள்ளை கட்டும் பாவாடைக்கு உலகத்திலேயே பேர்போன தேசம் அது.

கில்ட் என்கிற அந்தப் பாவாடைக்கும் ஒரு காலத்தில் சிறைத் தண்டனை இருந்தது. 1746 ஏப்ரலில் ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் ஓர் இளவரசனை நம்பிக் கல்லோடன் என்ற இடத்தில் லண்டன் ராஜாவின் படையோடு மோதி, செம உதை வாங்கினார்கள். ஜெயித்தவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்: இந்தப் பயல்களுக்கு இவ்வளவு திமிர் எங்கிருந்து வருகிறது? கில்ட்டுக்குள்ளிருந்துதான் என்று முடிவானது. போட்டார்கள் ஒரு சட்டம். கில்ட் கட்டினால் ஆறு மாதம் ஜெயில். வெளியே வந்து மறுபடியும் கட்டினால் ஏழு வருடம் நாடு கடத்தல். ஒரே ஒரு விதிவிலக்கு, ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தவன் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

முழங்கால் தெரிய உலவ ஆசைப்பட்ட மலைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தான். பட்டாளம் அவனை மெட்ராசுக்கு அனுப்பியது. ஆக, எப்படிக் கட்டினாலும் நாடு கடத்தல்தான்.

அப்படி 1780 ஜனவரியில் வந்து இறங்கியதுதான் 73ஆம் ஹைலேண்டர் படை. அதைத் திரட்டியவர் மக்லியாட் பிரபு. இளவயதில் அதே இளவரசன் பக்கம் நின்று தோற்று, பிறகு மன்னிப்பு வாங்கியவர். பிராயச்சித்தமாக ஆள் பிடித்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆகஸ்டில் மைசூர் ஹைதர் அலியின் குதிரைகள் சாந்தோம் ஓரம் வரை வந்து மிரட்டிவிட்டுப் போக, ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ பரங்கிமலையில் படையைக் கூட்டினார். தாம்பரத்துக்குப் போகும் வழியில், இன்றைக்கு மெட்ரோ ரயில் நிற்கிற அதே பரங்கிமலைதான். முழு கில்ட் ஒன்றுக்கு எட்டு கஜம் துணி பிடிக்கும். நம் வேட்டி எட்டு முழம், அதில் பாதி. அதுவும் பருத்தி. அவர்களுடையது கம்பளி. ஆகஸ்ட் மாதத்துப் பரங்கிமலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அணிவகுப்பது என்றால், அதற்குப் பிறகு ஹைதர் அலி என்ன பெரிய தண்டனை கொடுத்துவிட முடியும்?

பல்லாவரத்து விவசாயி ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அணிவகுப்பைப் பார்த்திருந்தால், நம்ம பங்காளி என்றே நினைத்திருப்பார். ஒரு குறை மட்டும் அவரை உறுத்தியிருக்கும். பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவதுதானே மரியாதை? இவர்கள் உடுப்பில் இறக்கிவிட வழியே இல்லை. கவர்னர் வந்தாலும் முழங்கால்தான், கர்த்தரே வந்தாலும் முழங்கால்தான்.

அடுத்த வருடம் ஜூலை 1, பரங்கிப்பேட்டையில் சண்டை. குண்டு மழைக்கு நடுவே ஹைலேண்டர்களின் பைப் வாத்தியக்காரர் ஊதித் தள்ளியதைக் கேட்ட தளபதி அயர் கூட், புது வாத்தியம் வாங்கிக்கொள்ளச் சொல்லி 50 பவுன் கொடுத்தார். அந்தத் துருத்தி இசை இன்று வரை இந்தியப் படைகளில் முழங்குகிறது. கூடவே வந்த பாவாடையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தமாக ஒன்று வைத்திருந்தோம்.

மக்லியாட் படை வந்த அதே ஜனவரியில் இன்னொரு ஸ்காட்லாந்துப் பையனும் மெட்ராசில் இறங்கினான். பெயர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் கவர்னர், தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் இன்னும் உட்கார்ந்திருப்பவர். அவர் கிளாஸ்கோக்காரர், கில்ட் கோஷ்டி கிடையாது. ஸ்காட்லாந்துக்குள்ளேயே கீழ்நாட்டுக்காரர்கள் கால்சட்டை போட்டுக்கொண்டு, பாவாடை கட்டிய மலைக்காரர்களைக் காட்டான் என்றுதான் பேசினார்கள். சண்டை போட கில்ட்காரன், கணக்கு எழுத, வரி வசூலிக்க, பாடம் நடத்தக் கால்சட்டைக்காரன் என்று நமக்கு அனுப்பி வைத்தார்கள். நாம் பின்பற்றியது இரண்டாவது ஆளை. சம்பளம் அவனிடம்தான் இருந்தது.

1782இல் கில்ட் தடை நீங்கியது. நாற்பது வருடம் கழித்து, 1822இல், தடை போட்ட அதே வம்சத்து ராஜா நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு. ராஜாவுக்குப் பருத்த சரீரம், எக்கச்சக்கமாக உயரம் குறைந்த கில்ட், உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒட்டுக் கால்சராய். கொள்ளுத்தாத்தா காலத்தில் ஜெயிலுக்கு அனுப்பிய உடை கொள்ளுப்பேரன் காலத்தில் தேசிய உடையானது. கீழ்நாட்டுக் கனவான்களும் ‘எங்கள் பாட்டன் சொத்து’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அவர்கள் அங்கே கட்டிக்கொண்டிருக்க, இங்கே நம்மை அவிழ்க்கிற வேலை நடந்தது. எழும்பூரில் 1835இல் ஒரு சின்னப் பள்ளி. 1837இல் ஸ்காட்லாந்திலிருந்து ஜான் ஆண்டர்சன் வந்து அதை ஏற்றார். அதுவே வளர்ந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியாகி, 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. வேட்டி கட்டக் கூடாது என்று அங்கே சட்டம் போட வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம், உத்தியோகத்துக்கு கோட்டு என்று நாமே கணக்குப் போட்டுக்கொண்டோம். முதலில் சமரசமாகத்தான் போனோம்: மேலே கோட்டும் தலைப்பாகையும் லண்டனுக்கு, கீழே பஞ்சகச்சம் கும்பகோணத்துக்கு. அந்தக் கால வக்கீல்களின் புகைப்படங்களைப் பாருங்கள், இரண்டு ஆட்களை இடுப்பில் ஒட்டவைத்தது மாதிரி இருப்பார்கள். 1914 மார்ச்சில் கணிதமேதை ராமானுஜன் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அந்தச் சமரசமும் போயிற்று. குடுமியை எடுத்துவிட்டு முழுசாகக் கால்சட்டை மாட்டிவிட்டார்கள்.

எதிர்த்திசையில் நடந்தவர் காந்தி ஒருவர்தான். 1921 செப்டம்பரில் மதுரையில் வைத்து இருந்த துணியையும் பாதியாக்கிக்கொண்டார். பத்து வருடம் கழித்து அந்தப் பாதியோடு பக்கிங்ஹாம் அரண்மனைக்கே போய் ஐந்தாம் ஜார்ஜோடு தேநீர் விருந்தில் கலந்துகொண்டார். ராஜாவின் வாசலில் அவரைத் தடுக்க ஆள் இல்லை.

நம் கட்டம் போட்ட துணியின் கதையும் இதே ரகம். ஸ்காட்லாந்துப் பட்டாளத்தைப் பார்த்துத்தான் மெட்ராஸ் நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றார்கள் என்று ஒரு கதை துணி வியாபாரத்தில் நெடுநாளாக உலவுகிறது. பழவேற்காட்டுக் கட்டத்துணி அதற்கெல்லாம் முன்பே கப்பலேறிக் கொண்டிருந்தது என்பதைச் சொன்னால் சுவாரசியம் கெட்டுவிடும். 1958இல் அதே மெட்ராஸ் கட்டம் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. கைலியாகக் கட்டியிருந்தால் அந்தத் துணிக்கு மோட்சம் கிடைத்திருக்கும். வெட்டிச் சட்டையும் அரைக்கால் சட்டையும் தைத்தார்கள். முதல் துவைப்பிலேயே சாயம் அழுது தீர்த்தது.

இனி 2014. ஜூலை 11, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப். முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் புத்தக வெளியீட்டு விழாவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டியில் வந்தார். வாசலிலேயே நிறுத்தப்பட்டார். வெள்ளைக்காரன் போய் 67 வருடம் ஆகியிருந்தது; அவனுடைய உடை விதி மட்டும் சந்தா கட்டி உறுப்பினராகத் தொடர்ந்திருக்கிறது. விஷயம் சட்டசபைக்குப் போனது. கரை வேட்டிகள் நிறைந்த சபை. தீர்ப்பு எப்படி வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜெயலலிதா அரசு ஆகஸ்டிலேயே சட்டம் கொண்டுவந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ அணிந்தவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்புக்கு லைசென்சும் போகும்.

லண்டன் பாவாடை கட்டியவனுக்கு ஆறு மாதம் வைத்தது. சென்னை கட்டியவனைத் தடுப்பவனுக்கு ஒரு வருடம் வைத்தது. நாகரிகத்தில் யார் மேல் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019இல் அரசு ஊழியர்களுக்கான உடை உத்தரவிலும் வேட்டி இடம்பிடித்தது.

கைலிக்குத்தான் இன்னும் விடிவு இல்லை. 2023 ஜூனில் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, லுங்கியும் நைட்டியுமாகப் பூங்காவுக்கு வராதீர்கள் என்று சுற்றறிக்கையே விட்டது. நாடு முழுக்கச் சிரித்தது. நாவலூர், படூர் பக்கத்து அடுக்குமாடிகளில் அப்படித் தாளில் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. லிப்டில் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பார்வை போதும். கைலியும் மரபுடைதான் என்று வாட்ச்மேனிடம் சட்டம் பேசிப் பாருங்கள். அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். டூட்டி முடிந்ததும் அவர் மாற்றுவதும் கைலிதான்.

இத்தனை ரகளைக்கும் பிறகு வருடத்தில் ஒரு நாள், பொங்கலுக்கு முன்னால், ஓ.எம்.ஆர். கம்பெனிகள் தாமாகவே வாசலைத் திறந்துவிடுகின்றன. அன்றைக்கு வெல்க்ரோ வைத்த வேட்டியில், பக்கெட்டில் தண்ணீர் எடுத்துப் போவதுபோல நிதானமாக நடந்து வரும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வெல்க்ரோவை நம்பாதீர்கள், பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். மேனேஜர் எதிரே வந்தால் மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவது உங்கள் இஷ்டம்.