கீறல் விழுந்தா கோட்டி புடிக்கணுமாலே?

ஏலே தம்பி, இங்கன வா. கார் கதவத் தொறந்து போட்டுக்கிட்டு, மொபைல் லைட்ட அடிச்சு என்னத்தலே தேடுத? தங்கமா? ஓ, கீறலா! கதவுக்கு உள்பக்கத்து பிளாஸ்டிக்ல விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளக் கோடு. அதுக்கா மொகம் சுண்டிப்போய் நிக்க?

எப்படி விழுந்துச்சுன்னு நீ சொல்ல வேண்டாம். தி.நகர் உஸ்மான் ரோட்டுல குத்துவிளக்கு வாங்கியிருப்பீய. டிக்கியில எடம் இல்லன்னு பின்சீட்டுல சாச்சு வச்சிருப்பீய. பாத்திரமும் பட்டும் நகையுமா ஊரே வந்து அள்ளிட்டுப் போற பேட்டையில குடியிருக்க. காருக்குள்ள ஒரு கோடு விழக்கூடாதுன்னா எப்படிலே?

புது வண்டிய மொதல்ல எங்க கொண்டு போன? பாடிகார்ட் முனீஸ்வரன் கோயிலுக்குத்தானே? டாஷ்போர்டுல சந்தனம் குங்குமம் வச்சாச்சு. அந்தக் குங்குமம் இன்னும் வரிக்குள்ள செவப்பாக் கெடக்கு. அது மங்களம். குத்துவிளக்கு உரசினா மட்டும் நட்டமா? நல்லாருக்கு உன் நாயம்.

அது என்ன சாமான்னாவது தெரியுமா? பாலிப்ரோப்பிலீன். பேருதான் பெரிசு. கல்யாண மண்டபத்துல அடுக்கி வச்சிருக்கானே பிளாஸ்டிக் சேரு, அதுவும் இதே சாமான்தான். சேருல கீறல் இருக்குன்னு எவனாவது பந்தியில ஒக்காராமப் போனதுண்டா? வெறப்பா நிக்கட்டும்னு கார்க்காரன் அதுல டால்க் கலப்பான். மொகத்துக்குப் பூசுத பவுடர்ல இருக்கே, அதே டால்க். கீறினா வெள்ளையாத் தெரியுதுல்லா, பாதிக் காரணம் அந்தப் பவுடர் எட்டிப் பாக்கது. மீதி, கீறின எடம் சொரசொரன்னு ஆகி வெளிச்சத்தச் செதறடிக்கது.

இப்ப அந்த பிளாஸ்டிக்கத் தடவிப் பாரு. வரிவரியா இருக்கா? மாட்டுத்தோல் வேசம்லே அது. சில வண்டியில தையல் போட்டாப்ல அச்சு வார்த்திருப்பான். ஊசியும் கெடையாது, நூலும் கெடையாது. அந்த வரிய எஃகு அச்சுலயே அரிச்சு வச்சிருப்பாவ. உருக்கின பிளாஸ்டிக்க உள்ள தள்ளும்போதே பதிஞ்சிரும். பவுசுக்கு மட்டும் இல்ல, காரியத்துக்கும்தான். வெயில் பட்டு ஓட்டுறவன் கண்ணு கூசக்கூடாது, சின்னச் சின்னக் கோடு கண்ணுக்குப் படக்கூடாது. கீறல மறைக்கதுக்குன்னே போட்ட வரியில லைட் அடிச்சுக் கீறல் தேடுதவன என்னன்னு சொல்ல?

அம்பாசிடர் கார உனக்குத் தெரியாது. 2014 வரைக்கும் செஞ்சாவ. வாடகைக்கு ஓடின வண்டிகளுக்கு உள்ள ரெக்சின் வெடிச்சுப் பஞ்சு எட்டிப் பாக்கும். அதுக்காக ஏறாம நடந்து போன ஒருத்தர நான் கண்டதில்ல. வண்டி நம்மளச் சொமந்தாச் சரின்னு இருந்தோம். இப்ப வண்டிய நாமள்ளா மனசுல சொமக்கோம்!

சரி, வைத்தியத்துக்கு வருவோம். கீறல் கால்வாசி கெடுக்கும். வைத்தியம் மிச்சத்தக் கெடுக்கும். சேக்காளி ஒருத்தன் பற்பசை தேய்க்கச் சொல்லுதான். வழவழன்னு கண்ணாடியா மின்னுத கருப்பு பிளாஸ்டிக்குன்னா அது கொஞ்சம் கேக்கும், அதுல மெல்லிசா அரைக்குத பொடி இருக்கதால. வரி போட்ட பிளாஸ்டிக்ல தேய்ச்சியோ, வரிக்குள்ள போய் அடைஞ்சுக்கிட்டு வெளிய வராது. இன்னொருத்தன் நெயில் பாலிஷ் அழிக்குத தண்ணியத் தடவச் சொல்லுதான். அதுல அசிட்டோன்லே! ஏ.பி.எஸ். வகை பிளாஸ்டிக்ல பட்டா மேல்பக்கத்தையே கரைச்சுப்போடும். உப்புத்தாள் போட்டாலோ, கீறலும் போவும், வரியும் போவும். மொழுக்குன்னு ஒரு திட்டு நிக்கும். கோட்ட அழிச்சு வட்டம் வாங்கினது மிச்சம்.

மூணாவது ஒருத்தன் ஹீட் கன்னு ஒண்ணு வச்சிருக்கானாம். அது 500 டிகிரிக்குக் காத்தக் கக்கும். பாலிப்ரோப்பிலீன் 160 டிகிரியிலயே உருகிரும். கணக்கு நீயே போடு. தேங்காயெண்ணெ தடவினா மறையத்தான் செய்யும். ஆனா தி.நகர் தூசிக்கு எண்ணெய வேற காட்டினா விடுமா? பளபளன்னு சிலிக்கோன் பாலிஷ் அடிச்சா டாஷ்போர்டு முழுக்க முன்கண்ணாடியில தெரியும். ரோடு எது, டாஷ்போர்டு எதுன்னு முழிச்சுக்கிட்டே ஓட்டு. ஸ்டியரிங்ல அடிச்சியோ, கை வழுக்கும்.

என்னதான் செய்யங்கியா? மொதல்ல நகத்த வச்சுக் குறுக்க இழுத்துப் பாரு. நகம் மாட்டலன்னா பாதி நேரம் அது கீறலே இல்ல. உரசின சாமானோட கறை அங்கன ஒட்டிக்கிட்டு நிக்கும். கொஞ்சூண்டு சோப்புத்தண்ணி, மெத்துத் துணி, தொடச்சு விடு. போயிரும். ஆனா தொடைக்கதுல உனக்குப் பெருமை இல்ல பாத்தியா? ஜி.பி. ரோட்டுல நாலு கடை ஏறி எறங்கி, பேரு வாயில நொழையாத பாட்டில் நாலு வாங்கினாத்தான் வைத்தியம் பாத்தாப்ல இருக்கும்.

நகம் லேசா மாட்டுதா? வீட்டுல தல காய வைக்குத டிரையர எடு. ஒரே எடத்துல நிறுத்தாம, தள்ளிப் புடிச்சு, ஆட்டிக்கிட்டே காட்டு. கை தாங்குத சூடு போதும். வெள்ளை கொஞ்சம் மங்கும். மங்கினாச் சரின்னு கைய எடுத்துரு. இன்னுங் கொஞ்சம்னு போனவனுக்குத்தான் பள்ளம் விழுந்துச்சு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டா எடுத்துக்காத. ஏர்பேக்னு எழுதியிருக்க மூடி மேல கைய வைக்காத. 2019 ஜூலையில இருந்து புது வண்டியில ஓட்டுறவருக்கு அது கட்டாயம். அந்த மூடி சட்டுன்னு பிய்ஞ்சு தொறக்கட்டும்னு உள்ளுக்குள்ள மெலிசா கோடு விட்டு வார்த்திருப்பாவ. நீ பசை அப்பி, பெயிண்ட் பூசிக் கெட்டியாக்கினா, வேண்டிய நேரத்துல அது ஒழுங்காத் தொறக்காமப் போவும். மூடி அழகா இருந்து மொகம் பேந்து போறதுக்கா கார் வாங்கின?

ஆழமா வெட்டியே போச்சா? பூசி, வரிய ரப்பர் அச்சுல எடுத்து அமுக்கி, கலர் சேத்து அடிக்குத ஆளுக இருக்காவ. கைவேலக்காரன நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா பாலிப்ரோப்பிலீன்ல பசையும் பெயிண்டும் லேசுல ஒட்டாது, தனி பிரைமர் வேணும். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிரும். அதுக்குப் பேசாம புதுப்பேட்டைக்கு ஒரு நட நட. பழைய வண்டியப் பிரிச்சு விக்குத எடம். உன் மாடல்ல, உன் கலர்லயே டோர் பேடு முழுசாக் கெடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தா. கிளிப்ப ஒடைக்காம மாட்டத் தெரிஞ்ச ஆளா மட்டும் பாத்துக்கோ.

விக்கும்போது வெல கொறைஞ்சிரும்ங்க, அதானே? வாங்க வாரவன் உன்னப்போல கோட்டிக்காரன் இல்லலே. 2015 டிசம்பர் வெள்ளத்தப் பாத்த ஊரு இது. வெவரமானவன் காருக்குள்ள போட்டிருக்க கார்ப்பெட்டத் தூக்கி மோந்து பாப்பான். சீட் பெல்ட்டக் கடைசி வரைக்கும் இழுத்து சேத்துக்கறை தேடுவான். சீட்டுக்கு அடியில போல்ட்டு துரு ஏறிருக்கான்னு குனிஞ்சு பாப்பான். உன் விரல் நீளக் கோட்டச் சொல்லி நூறோ எரநூறோ கொறைக்கப் பாப்பான், அவ்வளவுதான். வண்டிக்குள்ள தண்ணி ஏறிருந்துச்சோ, பேச்சே இல்லாம எறங்கிப் போயிருவான்.

நீ நிக்க எடமே ஏரிதான் தம்பி. 1920-கள்ல பழைய நீண்ட ஏரியத் தூத்துத்தான் இந்தத் தி.நகரக் கட்டினாவ. மழை வந்தா ஏரிக்குத் தன் வீடு ஞாவகம் வந்துரும். 2021 நவம்பர்ல இந்தத் தெருவுகள்ல தண்ணி நின்னத மறந்துட்டியா? கார்த்திகை வருதுன்னு மேடான எடம் பாத்து வச்சியா? இன்சூரன்சுல என்ஜினுக்குத் தண்ணிச் சேதம் உண்டான்னு படிச்சியா? கேட்டா முழிக்க. கதவுல கோடு விழுந்தா மட்டும் ராத்திரி தூக்கம் போயிருது.

சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. சோப்புத்தண்ணி வச்சுத் தொடச்சுட்டுச் சோலியப் பாரு. கையோட அந்தச் சீட்டு மேல கடைக்காரன் போட்டுக் குடுத்த பாலித்தீனையும் உரிச்சுப் போடு. வண்டி வந்து ரெண்டு தீவாளி கழிஞ்சு போச்சு. வேர்த்து ஒழுகி, முதுகு ஒட்டிக்கிட்டுப் போறது நீ. சொகுசா, அழுக்குப் படாம இருக்கது சீட்டு. காசு குடுத்தது யாருலே?