சியாட்டிலுக்குத் தறியே போனது

கேள்வி: 2018-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டங்களைச் சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்கு மாற்றினார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்ன செய்ய?
- பட்டு நெசவாளர், ஆரணி

பதில்: நியாயமான கோபம்தான். இரண்டு ஆண்டுத் தடை முடிந்து ஊர் திரும்பிய அணி, ஏப்ரல் 10-ல் இங்கே ஒரே ஒரு ஆட்டம் ஆடியது. காவிரிப் போராட்டத்தால் மீதி 6 ஆட்டங்களும் புனேவுக்குப் போயின. ஆனால் காவிரி கேட்டவர்கள் மீது கோபம் வேண்டாம். வயலுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் சிக்ஸர். நம் ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் போய்ப் புனேவையே மஞ்சளாக்கினார்கள். அந்த ஆண்டு கோப்பையும் நமக்கே. 2019-ல் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

அமெரிக்காவின் சியாட்டிலைப் பாருங்கள். 41 ஆண்டு அங்கே ஆடிய சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணியை 2008-ல் உரிமையாளர்கள் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். பழைய பெயரும் நிறமும்தான் சியாட்டிலுக்கு மிச்சம். அந்த அணி 2025-ல் கோப்பை வென்றபோது ஊர்வலம் ஓக்லஹோமா சிட்டியில்!

பாவில் இழை அறுந்தால் முடிந்து நெய்வது உங்கள் தொழில். நமக்கு அறுந்தது ஓர் இழை. சியாட்டிலுக்குத் தறியே போனது. கோபத்தை விடுங்கள், விசிலை எடுங்கள்!