ஐந்து காசு வைராக்கியம்

ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளியைத் தாண்டிய சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில், 2023 ஜூலை 3 முதல் சாமான் போட்டுத் தரும் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு. அன்றிலிருந்து தெம்பனிஸ் வட்டாரக்காரர்களுக்கு வந்த வைராக்கியத்தைப் பார்க்கவேண்டுமே! எண்பது வெள்ளிக்குச் சாமான் வாங்கியவர், முட்டை அட்டையை மார்போடு அணைத்து, பால் பெட்டியைத் தாடையால் அழுத்தி, வெங்காயத்தைக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடக்கிறார். வீட்டில் துணிப்பைகள் கொத்தாகத் தொங்கும்; கிளம்பும்போது மட்டும் கண்ணில் படாது.

சரி, பை மிச்சம்தானே? அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் குப்பையைக் கட்டித்தான் போடவேண்டும். முன்பு அதற்கு ஓசிப் பை இருந்தது. இப்போது அதே கடையில் குப்பைப் பைச் சுருளைக் காசு கொடுத்து வாங்குகிறார். தூக்கிப் போகத்தான் கை காலியில்லை.