ரேகை பார்க்கும் ஆராய்ச்சி

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் வாங்கிய ராஜ் ரெட்டி, மனிதர் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கப் பாடுபட்டார். 1994இல் டூரிங் விருது. அவர் பணியாற்றிய கார்னகி மெலனில் மனிதரும் கணினியும் பழகும் விதத்தை ஆராயவே தனித்துறை உண்டு.

கோட்டக்குப்பத்தில் அந்த ஆராய்ச்சி ரேஷன் கடைக்காரர் தலையில். மீன் அரிந்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்பதில்லை. “முந்தானையில நல்லாத் தொடச்சிட்டு வையி ஆயா. அழுத்தாத. ம்ஹூம், அடுத்த வெரலு!” ஆயாவின் மருமகள் பெயர், போன மாசம் விட்டுப்போன பாமாயில் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அறிவுள்ள மென்பொருளுக்குத்தான் ஆயா யாரென்றே தெரியவில்லை. இருந்தும், பில் போடும் அதிகாரம் அதனிடம்; திட்டு வாங்கும் பொறுப்பு இவரிடம். முனைவர் பட்டம் மட்டும்தான் பாக்கி.