ராச்சியத்தக் கெடுக்க கர்ணம் தாத்தா சொல்லும் யோசனை

லே பேராண்டி, ரோமாபுரி ஏன் விழுந்துச்சுன்னு புஸ்தகத்த மடியில வச்சு மண்டைய உடைச்சுக்கிட்டுக் கெடக்கியே. டெமாண்ட்னு ஒரு ஜெர்மன் வாத்தியாரு, படிச்சவங்க அதுவரைக்கும் சொல்லிவச்ச காரணத்தையெல்லாம் 1984ல ஒண்ணாச் சேத்தாரு. 210 தேறுச்சாம். 210 காரணத்தால செத்தவன் உலகத்துல எவனும் இல்ல, கேட்டியா. ஒண்ணோ ரெண்டோதான் ஆளக் கொன்னிருக்கும். மிச்சமெல்லாம் எழவு வீட்டுக்கு வந்த கூட்டம்.

நீ நாளைக்கு மேசைக்குப் பின்னால உக்காந்து கையெழுத்துப் போடப்போறவன். ராச்சியத்தக் காப்பாத்தச் சொல்லித்தர ஊருல ஆயிரம் பேரு இருக்காவ. முறையாக் கெடுக்கச் சொல்லித்தரத்தான் ஆளு இல்ல. 1980ல கர்ணம் உத்தியோகத்தையே சர்க்காரு எடுக்குத வரைக்கும் அடங்கலும் சிட்டாவும் எழுதுன கை இது. அதனால சொல்லுதேன், குறிச்சுக்கோ.

மொதல்ல காவல்காரன் மனசு கோணாமப் பாத்துக்கோ. 193ல பெர்ட்டினாக்ஸ்னு ஒரு கெழவரு அரசரானாரு. அரண்மனைக் காவல்படைய ஒழுங்கு பண்ணுதேன்னு கெளம்புனாரு. அவரு காலம் 87 நாள். வெட்டிப்போட்டவனுவ அடுத்து என்ன செஞ்சான்னு நெனைக்க? தங்களோட பாசறையில நின்னு சிம்மாசனத்தையே ஏலம் விட்டான். ரெண்டு பேரு போட்டி. ஒருத்தரு செத்த அரசரோட மாமனாரு. மருமகன் ரத்தம் காயல, மாமனாரு ஏலம் கேக்காரு! கடைசில டிடியஸ் ஜூலியானஸ்னு ஒரு பணக்காரன், ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் காசு தாரேன்னு சொல்லி எடுத்துட்டான். வில்லங்கம் பாக்காம வாங்குன சொத்து. 66 நாள்ல ஆளே போயிட்டான்.

அடுத்து வந்த செவேரஸ் வெவரமானவரு. படைக்காரனுக்கு அள்ளிக் குடுங்க, மத்தவன ஒரு பொருட்டா எண்ணாதீங்கன்னு சாகும்போது ரெண்டு மக்கமாருக்கும் சொல்லிட்டுப் போனாரு. ஒத்துமையா இருங்கன்னும் சொன்னாரு. அது பயலுவ காதுல விழல. அந்த வருசமே மூத்தவன் கராகல்லா தம்பியத் தாய் மடியில வச்சே தீத்துட்டான். அள்ளிக் குடுக்கச் சொன்னத மட்டும் அப்பன் பேச்சு தட்டாமச் செஞ்சான்.

அள்ளிக் குடுக்கக் கஜானால இருக்கணும்லா? இல்லன்னா காசுல செம்பக் கலந்துரு. அகஸ்டஸ் காலத்துக் காசு ஏறக்குறைய சுத்த வெள்ளி. 260கள் முடியும்போது நூத்துல அஞ்சு பங்குகூட வெள்ளி இல்ல, மேல பூச்சு மட்டும் மினுங்குச்சு. இதுல வேடிக்க என்னன்னா, சர்க்காரு அடிச்ச காசு சர்க்காருக்கே பிடிக்கல. வரிய கோதுமையா, எண்ணெயா, துணியா அளந்து போடுன்னுட்டாவ. 235லருந்து 284 வரைக்கும் இருபது பேருக்கு மேல அரசரா இருந்தாவ. நோயில செத்தவன விரல் விட்டு எண்ணிரலாம். வலேரியன்னு ஒருத்தர 260ல பாரசீக ராசா ஷாப்பூர் உயிரோட பிடிச்சு, அதப் பாறையிலயும் செதுக்கி வச்சான். நக்‌ஷ்-இ-ருஸ்தம்ல இன்னிக்கும் இருக்கு.

பொறவு டயோக்ளீஷியன் வந்தாரு, 284ல. கெட்டிக்காரரு. 301ல எந்தப் பொருள் என்ன வெலைக்கு மேல போகக் கூடாதுன்னு ஆணை போட்டாரு. மீறுனா தலை போவும். சரக்கு சந்தைக்கே வரல. விவசாயி மகன் அதே நெலத்துல கெடக்கணும், ரொட்டி சுடுதவன் மகன் ரொட்டிதான் சுடணும்னு அவரு காலத்துலயும் அதுக்குப் பொறவும் சட்டம் வந்துச்சு. நகர சபைக்காரன் கதைதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஊரு வரி வசூல் கொறஞ்சா, கொறஞ்சத அவன் சொந்தக் கையிலருந்து கட்டணும். கெவுரவமான பதவின்னு சண்ட போட்டு வந்த எடம் அது. இப்ப ராவோட ராவா ஓடுதான். ஓடக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சட்டம். நல்லவேள, எனக்கு அந்த விதி இல்ல. இருந்திருந்தா உன் பாட்டி கழுத்துல தாலிக்கொடி மிஞ்சியிருக்காது.

இப்ப வாரேன் முக்கியமான எடத்துக்கு. பென்சிலக் கூராக்கு. பெரிய மனுசன் பாக்கிய மட்டும் தொடவே தொடாத. ரோமாபுரி செனட்டர்மாருக்கு இத்தாலி, ஆப்பிரிக்கா, ஸ்பெயின்னு கண்ணுக்கெட்டாத பண்ணை. கிஸ்தி கேட்டு வாரவன் அவுக வாசல்ல நின்னு நின்னு திரும்பிருவான். பாக்கி ஏறும். ஏறுனப்பொறம் அரசரு பெரிய மனசு பண்ணி, பழைய பாக்கியெல்லாம் வஜான்னு ஒரு ஆணை போடுவாரு. ஊரே வாழ்த்தும். ஆனா ஏழைட்ட ஏது பழைய பாக்கி? அவன்ட்டதான் வருசம் பொறந்ததுமே பிடுங்கியாச்சே! இந்தச் சூட்சமத்தக் கண்டுபிடிச்சவன் பின்னால அரசரான ஜூலியன்னு ஒரு வாலிபன். இன்னிக்குப் பிரான்ஸ் இருக்குத கால்ங்கிற நாட்டுக்கு அவன் போனப்ப தலைக்கு 25 பொற்காசு வரி. வரும்போது அத 7 ஆக்கிட்டு வந்தான். வஜா மட்டும் தரமாட்டேன்னுட்டான், அது பணக்காரன் பைக்குத்தான் போவும்னு. ஏதாச்சும் ஒரு கர்ணத்துட்டப் பாடம் கேட்டிருப்பான் போல. என்ன செய்ய, 363ல பாரசீகச் சண்டையில போய்ச் செத்தான். கணக்குத் தெரிஞ்சவன் கத்தியத் தூக்குனா இதான் கதி.

இப்படியே போச்சுன்னா சம்சாரி என்ன செய்வான்? நெலத்தப் பெரிய பண்ணைக்கு எழுதிக் குடுத்துட்டு அங்கயே கூலியாக் கெடப்பான். இல்லன்னா எதிரி பக்கம் போவான். மார்செய்ல இருந்த சல்வியன்னு ஒரு பாதிரியாரு அஞ்சாம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காரு, ரோம சனமே கோத்துக்காரன் ஆட்சி தேவலன்னு அங்க குடிபோவுதுன்னு. காட்டுமிராண்டி, காட்டுமிராண்டிங்கியே, அந்தக் காட்டுமிராண்டி ஊருக்கு ஒழுங்கான மனுசன் ஏன் குடிபோனான்னு ஒனக்குக் கேக்கத் தோணலயால?

அந்தக் கோத்துக்காரன் வந்த கதையையும் பாரு. 376ல ஹூணருக்குப் பயந்து டான்யூப் ஆத்தங்கரையில பிள்ள குட்டியோட நின்னு அடைக்கலம் கேட்டான். உள்ள விட்டாவ. சோறு போட வேண்டிய அதிகாரிமாரு, ஒரு நாயக் குடுத்து ஒரு பிள்ளைய அடிமையா வாங்குனாவ. திங்க நாய்க்கறி, வெல பெத்த பிள்ள. ரெண்டே வருசம். அட்ரியனோபிள் சண்டையில அரசரு வாலன்ஸே செத்தாரு, உடலுகூடக் கிடைக்கல. அந்த நாயி வியாபாரத்துல எவ்வளவு லாபம்னு எந்தக் கணக்குலயும் இல்ல.

கடைசியா ஒண்ணு: வேலை தெரிஞ்சவன் எவனாச்சும் மிஞ்சியிருந்தா அவன நீயே தீத்துரு, எதிரிக்கு விட்டு வைக்காத. 408ல ஸ்டிலிக்கோங்கிற தளபதிய ஹொனோரியஸ் அரசரு வெட்டச் சொன்னாரு. உடனே கோத்து ராசா அலாரிக் ரோமாபுரி வாசலுக்கு வந்துட்டான். தங்கம் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தல், கூடவே 3,000 ராத்தல் மிளகு கேட்டு வாங்குனான். நம்ம பக்கத்து மலையாளக் கரையில கொடியேறுன மிளகுதான். கொள்ளக்காரன் எல்லா எடத்துலயும் உண்டு, ருசி தெரிஞ்ச கொள்ளக்காரன் இவன்தான். ரெண்டு வருசம் கழிச்சு ஊரையே சூறையாடிட்டுப் போனான். ரோமாபுரி போச்சுன்னு சொன்னப்ப, தான் வளத்த ரோமாங்கிற கோழி செத்துட்டோன்னு ஹொனோரியஸ் பதறுனான்னு ஒரு கதையுண்டு. பொய்யாத்தான் இருக்கும், ஆனா அவனப் பத்தி இப்படி ஒரு பொய்ய ஊரு நம்புச்சு பாத்தியா, அத யோசி.

439ல வாண்டாலுங்கிற கூட்டம் ஆப்பிரிக்காவுல கார்த்தேஜப் பிடிச்சப்ப ஆப்பிரிக்காவோட கோதுமையும் வரியும் ஒரே நாள்ல போச்சு. ராச்சியம் அப்ப கெழக்கு, மேக்குன்னு ரெண்டாக் கெடந்துச்சு. என்னக் கேட்டா, மேக்கு ரோமாபுரி அன்னிக்கே செத்தாச்சு. மிச்ச நாளெல்லாம் பொணத்துக்குக் காவல். 454ல ஏயட்டியஸ் தளபதி அரசருகிட்ட வரவு கணக்கு வாசிச்சுக்கிட்டு இருக்காரு, மூணாம் வாலண்டினியன் கத்திய உருவித் தன் கையாலயே குத்திப்புட்டாரு. கணக்கு வாசிக்கும்போதுலே! ஜமாபந்தியில நான் எத்தன தாசில்தார்ட்டக் கணக்கு வாசிச்சிருப்பேன், திட்டுனதோட விட்டாவ, மகராசன்மாரு. ஆப்பிரிக்காவ மீக்க 468ல ஆயிரத்துக்கு மேல கப்பல் போச்சு. எதிரி அஞ்சு நாள் தவணை கேட்டான், தளபதி குடுத்தாரு, காத்து திரும்புனதும் அவன் தீக்கப்பலத் தள்ளி விட்டான். 476ல ஒடோவாக்கர்னு ஒரு தளபதி வந்து, மேக்குல அரசரா இருந்த ரோமுலஸ்ங்கிற சின்னப் பையன எறக்கி விட்டப்ப அவனக் கொல்லக்கூட இல்ல. வருசத்துக்கு 6,000 பொற்காசு பென்சன் போட்டு அனுப்பி வச்சான்.

அப்ப கெழக்கு ரோமாபுரி மட்டும் எப்படி 1453 வரைக்கும் ஓடுச்சுன்னு கேப்ப. எகிப்தும் சிரியாவும் அப்ப அதுட்ட இருந்துச்சு, கான்ஸ்டான்டினோபிள் மதிலும் கெட்டி. ஆனா இன்னொண்ணும் எழுதிக்கோ. 491ல அனஸ்தாசியஸ்னு ஒரு வயசாளி அங்க அரசரானாரு. தளபதி இல்ல, அரண்மனை உத்தியோகஸ்தரு. யாவாரியையும் கைவேலைக்காரனையும் பிழிஞ்சுக்கிட்டிருந்த ஒரு வரிய 498ல அடியோட எடுத்தாரு. அப்படியும் 518ல அவரு கண்ண மூடும்போது கஜானால 3,20,000 ராத்தல் தங்கம் இருந்துச்சு.