பைன் மரத்தடியில் பெரியப்பா

1980களில் கொடைக்கானல் பயணம் என்றால் மதுரையில் எங்கள் வீட்டில் ஸ்வெட்டருக்கு முன்னால் எலுமிச்சம்பழம்தான் பையில் ஏறும். வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அம்மா ஆளுக்கொன்று கையில் கொடுப்பார். முகர்ந்துகொண்டே போனாலும் வெள்ளி நீர்வீழ்ச்சி வருவதற்குள் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்போம். மலையேற வயிறு அனுமதித்தால் போதுமாக இருந்த காலம். இப்போது வயிற்றுக்கு மாத்திரை இருக்கிறது; வண்டிக்குத்தான் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு. மறுவருடக் கோடையில், நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வந்துவிட்டது.

பெரியப்பா பெரிய இயற்கை ரசிகர். மங்கி கேப், மஃப்ளர் சகிதம் ஏரிக்கரையில் நின்று, "ஆண்டவன் படைப்பைப் பாத்தியாடா!" என்பார். அந்த ஆண்டவனின் பெயர் வெரே லெவிஞ்ச். மதுரை கலெக்டராக இருந்தவர். 1863-இல் அவர் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கியதால் உண்டான ஏரி அது.

அடுத்து பைன் காடு. ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், அணிவகுப்புக்கு நிற்பதுபோல மரங்கள். "காடுன்னா இதுதான் காடு" என்று பெரியப்பா புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பார். வெளிநாட்டு மரத்தை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட தோப்பு அது. அசல் சோலைக்காடு வழியெங்கும் பாசி படிந்து, கோணல்மாணலாக நின்றது. அதை அவர் புதர் என்பார். புல்வெளியோ வெறும் பொட்டல். சர்க்கார் வெகுகாலம் அவர் கட்சியில்தான் இருந்தது. மலையின் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த புல்வெளியைத் தரிசு என்று எழுதி, அதில் பைன், யூக்கலிப்டஸ், வாட்டில் எல்லாம் நட்டுத் தள்ளியது. இப்போது அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்றத்தில் பேசுகிறார்கள்.

போன முறை அதே பைன் மரத்தடியில் கல்யாண ஜோடி ஒன்று புகை குண்டு கொளுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார் கேமராக்காரர். கூட வந்த பெரியப்பா மகன், என் அண்ணன், பொருமினார்: "எங்கப்பா காலத்துல இயற்கை இயற்கையா இருந்துச்சுடா."

குணா குகை தனிக் கதை. டெவில்ஸ் கிச்சன் என்ற பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். 1991-இல் கமல் படம் அதற்குப் புதுப்பெயர் வைத்தது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்த பிறகு, கூட்டம் வரிசையில் நின்று, கம்பித் தடுப்பைப் பார்த்து, தடுப்போடு செல்ஃபி எடுத்துத் திரும்புகிறது. குகையைப் பார்க்க வழியில்லை என்ற வருத்தம் யார் முகத்திலும் இல்லை.

காட்டுமாட்டைப் பார்க்க அன்று பேரிஜம் பக்கம் போக வேண்டும். அதற்கு வனத்துறை அனுமதி. பெரியப்பா அனுமதி வாங்கி, நாள் முழுக்கக் காத்திருந்து, சாணத்தை மட்டும் பார்த்துத் திரும்பினார். இப்போது மாடே ஊருக்குள் வந்து, கடைவீதியில் நின்று அசைபோடுகிறது. மேய்ந்த புல்வெளியில் மரத்தை நட்டுவிட்டால் அது எங்கேதான் போகும்? வெளியிலிருந்து இ-பாஸ் இல்லாமல் ஊருக்குள் நுழையும் ஒரே ஜீவன் அதுதான். செல்போனோடு பின்னாலேயே பத்துப் பேர் ஓடுகிறார்கள்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது எங்களால் போக முடியவில்லை. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. மருமகள் இப்போதே அறை பிடிக்க உட்கார்ந்தாள். செயலியில் அவ்வளவு தூரத்துத் தேதி வரவில்லை. "என்ன மாமா, இவ்வளவு மோசமா வச்சிருக்காங்க" என்றவள், பூவை ஒரு வருடம் முன்னால் பூக்கவைக்க முடியாதா என்று மட்டும் கேட்கவில்லை.